பேனாச் சத்தம்

டெல்ஃபின் போய் உட்கார்ந்துவிட்டாள். முதுகு எங்கள் பக்கம். தேர்வு அழைப்பு பேசுகிறவர்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும், வாடிக்கையாளர் உங்கள் மூஞ்சியைப் பார்க்கப்போவதில்லை, குரலைத்தான் பார்ப்பார் என்று கால் சென்டர் வேலைக்கு எங்களைப் பழக்குகிற ரோஷன் சார் முதல் வாரமே சொல்லிவிட்டார். ஆகவே எனக்குத் தெரிவது அவள் பிடரியும், எண்ணெய் வைக்காததால் பறக்கிற முடியும், ஹெட்செட்டின் கறுப்புப் பட்டையும்தான். காலையில் விடுதியில் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே, ஏட்டி இசக்கி, எனக்கு மூணாவது சத்தம் வந்தா அது ஒன் பேனாவா இருக்கக்கூடாது, வேற எந்த மூதேவியாவது தட்டட்டும் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அடுத்து நான் போகவேண்டும், அப்போது அவள் இந்த மேஜையில் என் இடத்தில் உட்கார்ந்து கையில் பேனா வைத்திருப்பாள், அதையும் அவள் யோசித்திருப்பாள், நானும் யோசித்தேன், இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. இந்த அறையில் எல்லாருக்கும் கம்பெனி ஒரே மாதிரி நீலப் பேனா கொடுத்திருக்கிறது. எழுதத்தான் கொடுத்தார்கள் என்று முதல் நாள் நினைத்தேன். யாராவது ஆங்கிலத்தில் பேசும்போது எழுவாய் ஒரு பக்கமும் வினை ஒரு பக்கமும் போய்விட்டால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பேனாவின் பின்பக்கத்தால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டவேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. எட்டு வாரமாக இதுதான். இன்றைக்குத் தேர்வு என்பதால் மூன்று சத்தம் வந்தால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும், அந்த ஆள் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விடவேண்டும். வராவிட்டால் நாளையிலிருந்து மேல்மாடியில் வேலை, உண்மையான அழைப்புகள், அமெரிக்காவில் யார்யார் வீட்டிலோ சுற்றாமல் நின்றுபோன வாஷிங் மெஷின்கள். ரோஷன் சார் தட்டமாட்டார். அதுதான் அவருக்குப் பெருமை. "நான் இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட வெளிய அனுப்புனது இல்ல, கைஸ். உங்க ஃபிரண்ட்ஸ்தான் உங்கள டிசைட் பண்றாங்க. என் கை கிளீன்." சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். எனக்கு அதைக் கடித்துவிடவேண்டும்போல் இருக்கும்.

அவர் இப்போது அறையின் அந்தக் கோடியில் வாடிக்கையாளராகிவிட்டார். மூக்கால் பேசுகிறார். அவர் பெயர் மிஸஸ் காலவே, அவர் துணியெல்லாம் நனைந்தபடி மெஷினுக்குள்ளே கிடக்கிறது, மூன்று முறை கூப்பிட்டும் யாரும் வரவில்லை. டெல்ஃபின் மன்னிப்புக் கேட்கிறாள். நல்ல குரல் அவளுக்கு. அவள் ஊர்க் கோவிலில் பாடல் குழுவில் நின்ற குரல், வாக்கியம் முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுக்கும், அந்த இழுப்பைக் கேட்டால் எனக்கே என் மெஷின் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் இந்த அறையில் யாரும் குரலைக் கேட்பதில்லை. நாங்கள் எல்லாரும் வாக்கியத்தின் நடுவில் ஒரு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஆள் முடிந்து வேலை தொடங்குகிற இடம், அங்கே அந்தச் சின்ன 'ஸ்' வருகிறதா இல்லையா என்று எலிப்பொறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களைப்போல. ஒரு ஆள் என்றால் 'ஸ்' வினைக்கு வரவேண்டும், பல ஆட்கள் என்றால் 'ஸ்' ஆளோடு போய்விடும், வினை மொட்டையாக நிற்கும். யார் வைத்த ஏற்பாடு இது, ஒரே துணியை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிற மாதிரி. த மெஷின் நீட் எ நியூ பம்ப், மேம் என்றாள் டெல்ஃபின். டக். நாலைந்து பேனா ஒன்றாக. என்னுடையதும்தான். நான் தட்டவேண்டும் என்று நினைக்கவே இல்லை, கை தட்டிவிட்டது, தட்டிய பிறகுதான் மேஜை அதிர்ந்தது தெரிந்தது. அவள் பிடரி ஒரு துளி உள்ளே போயிற்று. ஆமை மாதிரி. எனக்குக் கையைப் பிடுங்கி எறிந்துவிடவேண்டும்போல் கோபம். பக்கத்தில் ஹாஜா என்னைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் தேர்வு முடிந்துவிட்டது, இரண்டு சத்தத்தோடு தப்பித்துவிட்டான், எழுந்து வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனுக்கு விழுந்த இரண்டில் ஒன்று நான் தட்டியது. யார் தப்புச் செய்தாலும் முதலில் கேட்பது எனக்குத்தான். காது அப்படி. பேசும்போது எனக்கும் அதே தப்பு வரும், ஆனால் அடுத்தவர் பேசினால் முடிகிற முன்பே தெரிந்துவிடும். இசக்கிமாவோட காது கோல்டு என்பார் ரோஷன் சார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்ன அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

முதல் நாள் அவரவர் வீட்டைப் பற்றி எல்லாரும் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்றார் சார். நான் எழுந்து நின்று மை மதர் ரோல் பீடி என்றேன். அப்போது இந்தத் தட்டுதல் எதற்கு என்று எனக்குப் புரிந்திருக்கவில்லை, டக் டக் என்று மேஜை முழுக்கச் சத்தம் வந்ததும் அம்மா பீடி சுற்றுவதற்காகத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். காது சுட்டது. பரவாயில்லை, எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் பீடிதான் சுற்றுகிறார்கள் என்று தமிழில் சொன்னேன், இன்னும் நாலு தட்டு, தமிழுக்கு. ரோல்ஸ் மா, ரோல்ஸ் என்றார் சார். மறுபடி சொல்லு. மை மதர் ரோல்ஸ். மறுபடி. மை மதர் ரோல்ஸ். அடுத்து அப்பா. மை ஃபாதர் என்று தொடங்கி நின்றுவிட்டேன். அப்பாவுக்கு எப்படி 'ஸ்' போடுவது? எங்கள் வீட்டில் அப்பா வந்தாவ, சாப்பிட்டாவ, படுத்தாவ. அம்மா வந்தா, சுத்துனா, சோறு பொங்குனா. பிறந்ததிலிருந்து இதில் ஒரு தடவைகூட நான் தப்புச் செய்ததில்லை, யாரும் மேஜையில் தட்டிச் சொல்லித்தரவும் இல்லை. டீக்கடை பெஞ்சைத் தேய்ப்பதைத் தவிர வேறு வேலை பார்க்காத மனுஷனுக்குப் பன்மை. காலையில் சுளகை மடியில் வைத்தால் கழுத்து எலும்பு துருத்துகிறவரை நிமிராத மனுஷிக்கு ஒருமை. இங்கிலீஷ்காரன் இரண்டு பேருக்கும் ஒரே 'ஸ்' கொடுக்கிறான். அது பிடித்திருந்தது எனக்கு. உண்மையிலேயே பிடித்திருந்தது, இந்த மொழி நம் வீட்டைவிட நியாயமானது என்றுகூட ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் பழைய அழைப்புகளைப் போட்டுக் காட்டினார். அமெரிக்காவில் தெற்குப் பக்கம் ஒரு கிழவர், அவர் மனைவிக்கு மெஷினை ஓட்டத் தெரியவில்லை, ஷி டோண்ட் நோ நத்திங் என்கிறார். என் கை டக் என்றது. அறையே டக் என்றது. சார் சிரித்தார். "நோ நோ கைஸ், அது அவங்க ஸ்டைல். அவங்க பேசலாம். நாம பேசக்கூடாது." ஹாஜாதான் கேட்டான், "ஏன் சார், அவங்களுக்குப் பேனா குடுக்கலியா?" எல்லாரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன், அதுதான் இப்போது ஆறவில்லை. அவர்கள் பேசலாம். சொந்த வீட்டில் காலை நீட்டி உட்காருகிற மாதிரி அவர்கள் அந்த மொழியில் உட்காரலாம், நாங்கள் அடுத்தவர் வீட்டுக்கு வந்தவர்கள், கால் விரலைக்கூட ஒழுங்காக மடித்து வைக்கவேண்டும், மடிக்காதவளை மடித்து வைத்தவள் காட்டிக்கொடுக்கவேண்டும்.

ஒன் ஆஃப் அவர் டெக்னீஷியன்ஸ் ஆர் கமிங் என்றாள் டெல்ஃபின். டக். இது நான் இல்லை. இந்தத் தடவை கையை முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். ஆனால் தட்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது, தட்டாதவர்களை ரோஷன் சார் பார்த்துக்கொண்டே இருப்பார், கேட்டும் தட்டாதவங்க யாருன்னு எனக்குத் தெரியும், அவங்க ஹெட்செட் மாட்டும்போது எனக்கு ஞாபகம் வரும் என்று காலையில் சொல்லித்தான் தொடங்கினார். இரண்டு ஆகிவிட்டது அவளுக்கு. மிஸஸ் காலவே இப்போது கத்துகிறார், உங்கள் கம்பெனி ஒரு குப்பை என்கிறார். இன்னும் ஒன்று வந்தால் டெல்ஃபின் இரவு ரயிலுக்குப் போய்விடுவாள். அவள் போனால் விடுதி அறையில் அந்தக் கட்டிலில் வேறு யாரோ. நான் போனால்? போன வெள்ளிக்கிழமை அம்மா போனில் சொன்னாள். பீடிக்கடையில் தரம் பார்க்கிற செல்லையா அன்றைக்கும் அவள் கட்டுகளைக் கையில் அமுக்கிப் பார்த்து, இது லூசு, இது தூள் கம்மி, இது நுனி மடிப்புச் சரியில்ல என்று பாதியைக் கழித்துப் போட்டிருக்கிறான். கழித்ததைத் திருப்பித் தரமாட்டான், உடைத்துப் போடுவோம் என்பான், உடைப்பதே கிடையாது, அதுவும் மற்றதோடு சேர்ந்து லாரியில்தான் ஏறும், ஊருக்கே தெரியும். தெரிந்து என்ன, நாளைக்கும் அவன் முன்னால்தான் போய் நிற்கவேண்டும் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வருவார்கள். அம்மாவும் இத்தனை வருஷம் மூடிக்கொண்டுதான் வந்தாள். அன்றைக்கு மூடவில்லை. "எம்மவ அமெரிக்காக்காரங்கிட்ட இங்கிலீஷ் பேசப்போறா, ஒன் முன்னால சுளவத் தூக்கிட்டு இனி நான் நிக்கமாட்டேம்ல, நீயே சுத்தி நீயே அமுக்கிப் பாரு" என்று மிச்சத் தூளையும் இலையையும் அவன் மேஜையில் கொட்டிவிட்டு வந்துவிட்டாள். சொல்லும்போது அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. யம்மா, எனக்கு இன்னும் வேலை உறுதியாகலம்மா, பரீட்ச இருக்கு என்றேன். அவள் காதில் விழவில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, எம்மவ லைன்ல இருக்கா, பேசுதியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது நான் மூன்று சத்தம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் அம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு மறுபடி செல்லையா முன்னால் போய் நிற்கவேண்டும். அவன் என்ன சொல்வான் என்றுகூட எனக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டான். மெதுவாக அமுக்கிப் பார்ப்பான். சிரித்துக்கொண்டே. அதைத்தான் என்னால் தாங்கமுடியாது. அமுக்கிப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. மை ஃபாதர் இஸ், மை மதர் இஸ், செல்லையா இஸ், ரோஷன் இஸ், ஒரு ஆளுக்கு இஸ், இரண்டு ஆளுக்கு ஆர், வாட்டர் ஒருமை, பார்ட்ஸ் பன்மை, நியூஸ் பார்த்தால் பன்மை ஆனால் ஒருமை, எவ்ரி ஒன் எல்லாரும்தான் ஆனால் ஒருமை, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

டெல்ஃபின் இப்போது கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டாள். இனி நன்றி சொல்லி முடிப்பதுதான். எத்தனையோ முறை விடுதி மொட்டைமாடியில் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள். முடிந்துவிட்டது, தப்பித்துவிட்டாள் என்று நான் மூச்சை விடப்போகிற நேரத்தில், யுவர் சாட்டிஸ்ஃபாக்ஷன் மேட்டர் டு அஸ், மேம் என்றாள். மேட்டர்ஸ் இல்லை, மேட்டர். நான் கேட்டேன். எல்லாரும் கேட்டார்கள், ஏனென்றால் ஏசியின் உறுமல்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. என் கை முழங்காலுக்கு அடியில் துள்ளியது, அமுக்கினேன். ஹாஜா பேனாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், கோழியைப் பிடிக்கிற மாதிரி. ஒரு பேனாவும் அசையவில்லை. ரோஷன் சார் மிஸஸ் காலவேயாக இருப்பதை விட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், என்னிடம் வந்ததும் நின்றார், நான் சுவரைப் பார்த்தேன், சுவரில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று படம் ஒட்டியிருந்தது, அதைப் படித்தேன். யாரும் தட்டமாட்டோம். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஆனால் யாரும் தட்டமாட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அது எப்படித் தெரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை, மார்பில் சூடாக ஏதோ ஏறியது. டக். ஒரே ஒரு சத்தம், சின்னதாக. எங்கள் பக்கத்திலிருந்து இல்லை. முன்னாலிருந்து. வாடிக்கையாளர் சொல்லும் புகாரைக் குறித்துக்கொள்ள அவள் கையில் பேனா வைத்திருந்தாள். காது கேட்டது, கை தட்டிவிட்டது. எட்டு வாரப் பழக்கம். அவள் திரும்பிப் பார்த்தாள், யார் தட்டியது என்று எங்கள் கைகளைத் தேடினாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"ஓ மை காட்" என்றார் ரோஷன் சார். "வெரி ஹானஸ்ட் மா. ஐ அப்ரிஷியேட்."

"சார், அது அவளே தட்டுனது சார்" என்றேன். தமிழில் வந்துவிட்டது. "கணக்கு இல்லல்ல சார்?"

"யாரு தட்டணும்னு ரூல்ல இல்லையே, இசக்கிமா. சத்தம்தான் கணக்கு."

"சார், நாங்க யாரும் தட்டலயே சார்" என்றான் ஹாஜா.

"அத அப்புறம் பேசலாம்." உள்ளங்கைகளை விரித்தார். "என்கிட்ட கேக்காதீங்க, கைஸ். நானா அனுப்புறேன்?"

டெல்ஃபின் அட்டையைக் கழற்றுவதற்குள் அதன் நாடா முடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். நான் எழுந்துபோய் எடுத்துவிட்டேன். நானும் ஒங்கூட வாரேன் என்றேன். எங்க வார, போய்ப் பேசுளா கிறுக்கி என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். கதவு தானாக மெதுவாக மூடிக்கொள்கிற வகை, அது மூடி முடிக்கும்வரை எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு என் பெயர்.

நாற்காலி சூடாக இருந்தது. ஹெட்செட்டின் பஞ்சில் அவள் வேர்வை ஈரம். கண்ணுக்கு முன்னால் வெறும் சுவர், பின்னால் எல்லாரும். எனக்குப் பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, அது இருந்த இடமெல்லாம் கோபம் உட்கார்ந்துகொண்டிருந்தது, கோபத்தில் எனக்கு இங்கிலீஷ் வருமா என்று தெரியவில்லை, தமிழ் நன்றாக வரும். மிஸஸ் காலவே தன் துணிகளைப் பற்றித் தொடங்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன், எண் கேட்டேன், மெஷின் எப்போது நின்றது என்று கேட்டேன், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அப்போது என் வாயிலிருந்து த வாட்டர் கம் என்று வந்தது. என் காதே முதலில் பிடித்தது. தோளை இறுக்கிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சத்தம், பை ஜிப்பை இழுக்கிற சத்தம். இன்னொரு ஜிப். பேனா பையில் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். "கைஸ்?" என்றார் ரோஷன் சார். "கைஸ், ஐயாம் வெயிட்டிங்." யாரோ இருமினார்கள். நான் காத்திருக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனேன், சத்தம் வராவிட்டால் தப்பு இல்லை, சத்தம்தான் கணக்கு, அவரே சொன்னார். அடுத்ததில் பார்ட்ஸ் இஸ் என்று வந்தது. கோபத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது என்று தெரிந்துபோயிற்று. அப்போது நாற்காலி நகர்ந்தது. ரோஷன் சார் எழுந்து என் பக்கமாக நடந்துவருகிறார். மேஜையில் விரல் மூட்டால் தட்டினார், மோதிரத்தோடு. டக். "ஒன்று" என்று சொல்லவில்லை, சொல்ல வராமல் தொண்டையைச் செருமினார். "முன்னாடி ஒண்ணு போச்சு" என்று இன்னொரு தட்டு. எட்டு வாரத்தில் அவர் கை மேஜையில் பட்டு நான் பார்த்ததில்லை. நான் சுவரை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். திரும்பக்கூடாது. திரும்பினேன்.

"டர்ன் அரௌண்ட் மா" என்றார்.

"பரவாயில்ல சார். பாத்தே பேசுறேன்."

பேசினேன். அவர் முகத்தைப் பார்த்தே டெக்னீஷியன் எப்போது வருவார் என்று சொன்னேன், எந்தத் தெரு என்று கேட்டேன், தப்பில்லாமல் நாலு வாக்கியம், ஐந்து. அம்மா ஞாபகம் வந்தது. அங்கேதான் சறுக்கியது. ஒரு சின்ன 'ஸ்'. அவருக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது, எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் மற்றவர்களைப் பார்த்தார். யார் கையிலும் பேனா இல்லை. ஒருத்தராவது தட்டியிருந்தால் அவர் உள்ளங்கையை விரித்திருப்பார். விரல் மூட்டு மேஜைக்கு மேலே நின்றது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அவர் நெற்றியில் வேர்வை, இந்த ஏசியில். தட்டுங்க சார் என்று நான் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுமட்டும் இருந்தேன். தட்டினார்.

வெளியே நடைபாதையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் டெல்ஃபின் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். என் கழுத்தைப் பார்த்தாள், அட்டை இல்லை.

"நாசமாப் போச்சு. ஒனக்குமா?" என்றாள். "எத்தன?"

"மூணு."

"எந்த மூதேவி தட்டுனா? ஹாஜாவா? பேரச் சொல்லு."

"ஒருத்தரும் தட்டல. பேனாவயெல்லாம் பைல போட்டுட்டாங்க."

"பொறவு?"

"அவரே தட்டுனாரு. கையால."

டெல்ஃபின் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "அவரேவா?" என்றாள். "மூணும்?"

மூணும் என்றேன். அம்மாவிடம் சொல்லவேண்டும், இன்றைக்கே சொல்லவேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே ரோஷன் சார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம், அவர் கை இன்னும் எத்தனை முறை தட்டவேண்டியிருக்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டு.